கல்லில் இல்லாத அப்பா பெயர்

எழுமலையில் இருக்கும் அக்கா பாண்டியம்மாளுக்கு மலேயாவிலிருந்து தம்பி எழுதுவது. ஆத்தாளின் முட்டுவலி தேவலையா? என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த எஸ்டேட்டே என் பேச்சில்தான் ஓடுகிறது.

போன மாதம் சயாம் போய்வந்தேன். எல்லையில் போலீஸ்காரன் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தான். ஜப்பான்காரன் சண்டையில் அப்பாவை ரயில்பாதை போட இழுத்துப்போன இடத்துக்குத்தான் போனேன். செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே ஆளுக்கொரு கல் நட்டு, பெயர் வெட்டி, பூச்செடி வைத்திருக்கிறார்கள். லட்சம் கல்லாவது பார்த்திருப்பேன். நம் ஆட்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

கூட வந்த சோணை மாமா அந்தப் பாதையில் வேலைபார்த்துத் தப்பியவர். "தேடாத மாப்ள. காலராவுல செத்தவுகள அள்ளிக் குழியில போட்டோம். நம்ம பேர எழுத எவன்கிட்ட பென்சில் இருந்துச்சு?" என்றார்.

இதை ஆத்தாளுக்குப் படித்துக் காட்டாதே. முப்பது வருஷமாகத் தாலிக்கு மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்கிறாள். செத்தவர்கள் கல்லையெல்லாம் மகன் பார்த்துவிட்டான், அப்பா பெயர் அதில் இல்லை என்று மட்டும் சொல். அது பொய்யில்லை.

யாராவது கப்பல் ஏறினால் கொஞ்சம் மொச்சையும் திருநீறும் கொடுத்துவிடு. தபால் வண்டி கிளம்புகிறது.

இப்படிக்கு,
பேயாண்டி மகன் கருத்தக்கண்ணன்