அவளைக் கேட்டார்கள்

அன்பு மனைவிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி, பிறகு திட்டு.

நம் வாயாடி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தேன், துணிக்கடைக்காரர் மகனுக்கு. உன்னிடம் மறைத்தது தப்பு. நீ வெளிநாட்டில், நான் நாள் முழுக்கத் தையல் கடையில். வயதுக்கு வந்த பெண் வீட்டில் தனியே இருக்கிறாளே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணத் துணிக்கு நானே அளவெடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள், பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு டீச்சர் போனிலிருந்து அவளே பேசிவிட்டாள். அடுத்த நாள் காலையில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்துவிட்டார். என் பெண், என் வீடு, கேட்க நீங்கள் யார் என்று எகிறினேன். பதினெட்டு முடிந்துவிட்டது என்று கூசாமல் புளுகினேன். அவர் சத்தமே போடவில்லை. பிறப்புப் பதிவின் நகலை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி, கீழே என் கையெழுத்து! நான் மறைக்கப் பார்த்த வயதை இத்தனை வருடம் அரசாங்கம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. கடையை மூடிவிட்டு அவரோடு கிளம்பினேன்.

மகளையும் அழைத்துக்கொண்டு அன்றே குழந்தைகள் நலக் குழுவிடம் போனோம். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். குழுவின் தலைவி, தலை நரைத்தவர், தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பெரியவர்கள் ஐந்து பேர் ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. ஒரு நாட்டின் சட்டமே அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. நான் ஒருநாளாவது அவளை அப்படிக் கேட்டிருக்கிறேனா?

பிறகு அவள் சொன்னதை எழுதி வைத்து, அதை அப்படியே எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "எனக்குக் கல்யாணம் வேணாம், படிக்கணும். அப்பாவை ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவரு கெட்டவரு இல்ல, பயந்தவரு." அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

கல்யாணத்தை நிறுத்திவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். இப்போது குழு அனுப்பிய பெண் பிள்ளைகள் இல்லத்தில் இருந்துகொண்டு பள்ளிக்குப் போய்வருகிறாள். வீட்டுக்குத் திரும்புகிறாயா, இங்கேயே இருக்கிறாயா என்று அடுத்த மாதக் கடைசியில் அவளிடம் கேட்பார்களாம்.

அதற்குள் நீ அவளோடு பேசு. இல்லத்தின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. அப்பா பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்காக ஒரு வார்த்தையும் வேண்டாம். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள், போதும். எங்கே இருந்தாலும் அவள் பயமில்லாமல் தூங்கட்டும்.

உன் கணவன்