திங்கட்கிழமையாகக் கேள்

பாகலூர் ரோடு, ஓசூர்
ஞாயிறு

அன்புத் தங்கை மோகனாவுக்கு அக்கா தங்கமணி எழுதுவது. நான் நலம். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லையடி.

கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு துபாயில் லீவு கிடைக்காது என்றாய். அம்மாவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஏழாம் நாள் தையல் பிரிக்கும் வரை உன்னோடு இருக்க நான் ஒருத்திதான். இருப்பேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அதில்தான் இப்போது மண் விழுந்திருக்கிறது.

உன் மாமியார் ஜோசியரிடம் கேட்டு ஆபரேஷனுக்குக் குறித்த வியாழக்கிழமையை எழுதிக்கொண்டு எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். அசோக்குமாரிடம் போனேன். எனக்கு மிச்சம் இருப்பது ஆறு நாள் லீவு. வியாழனில் தொடங்கினால் மறுநாள் மே தினம், கம்பெனியே பூட்டிக் கிடக்கும். அப்புறம் ஞாயிறு. அந்த இரண்டையும் என் லீவில் கழிப்பார்களாம். முன்னும் பின்னும் லீவு போட்டால் நடுவில் மாட்டுகிற விடுமுறையும் லீவுதானாம். அதற்கு சாண்ட்விச் என்று திங்கிற பண்டத்தின் பெயர் வேறு. தூ! "பூட்டின கேட்டுக்கு நான் எப்படி சார் வேலைக்கு வர்றது?" என்று கேட்டேன். "ரூல்ஸ் அப்படிம்மா, சிஸ்டம் தானா எடுத்துக்குது" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னான். தொழிலாளர் தினத்துக்கே தொழிலாளி லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆக, செவ்வாயோடு என் லீவு தீர்ந்துவிடும். உனக்குத் தையல் பிரிக்கும் புதன்கிழமை நான் இங்கே ஷிப்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் கூடினாலும் கான்ட்ராக்டில் பெயரை எடுத்துவிடுவார்கள்.

என் பக்கத்து மெஷினில் பாகலூர் நாகம்மா இருக்கிறாளே, போன மாதம் காய்ச்சல் என்று சனிக்கிழமை லீவு போட்டாள். திங்களும் போட்டால் ஞாயிறும் சேர்ந்து போய்விடும் என்று பயந்து, கொதிக்கிற உடம்போடு வந்து மெஷின் அடியிலேயே வாந்தி எடுத்தாள். சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்துக் கத்துக்கோங்க, காய்ச்சல்லயும் டியூட்டிக்கு வந்திருக்கா" என்றான். நாகம்மா வாயைத் துடைத்துக்கொண்டே, "காய்ச்சலுக்குக் கெழம தெரியலியே அக்கா" என்றாள். நாங்கள்தான் மரத்தூளைப் போட்டு அள்ளினோம்.

அவர்களை மட்டும் திட்டி என்ன? எனக்கு என்னைக் கண்டாலே அருவருப்பாக இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள், அம்மா போய்விட்டாள் என்று நீ போனில் கதறினாய். நான், "இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டேன். உனக்குக் கேட்டிருக்கும். இன்றுவரை நீ அதைப் பற்றிப் பேசியதில்லை. துக்கத்தில் ஏதோ உளறினேன் என்று நினைத்திருப்பாய். உளறவில்லையடி. பொங்கல் விடுமுறையும் ஞாயிறும் நடுவில் மாட்டுமா என்று பார்த்தேன். அழுவதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். மாட்டியது. மூன்று நாள் எடுத்ததற்கு ஆறு நாள் போனது.

இப்போது அதே வாயால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நாலைந்து நாள் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னாய் அல்லவா? உன் அத்தையிடம் பேசி அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு மாற்ற முடியுமா? சனிக்கிழமை ஷிப்ட் முடித்து பஸ் ஏறினால் ஞாயிறு வந்துவிடுவேன். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். அதற்கடுத்த ஞாயிறும் நமக்கே. தையல் பிரித்து உன்னை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவேன்.

நல்ல நட்சத்திரம் தவறுகிறதே என்று அத்தை கோபப்படுவார். நியாயம்தான். பிள்ளை பிறக்கும் நாளை ஜோசியர் குறிக்கலாம், டாக்டர் குறிக்கலாம். இந்தக் கம்பெனி குறிக்கலாமா? அவர் ஆகாது என்றால் வற்புறுத்தாதே. வியாழனே இருக்கட்டும், செவ்வாய் சாயங்காலம் வரை உன்னோடு இருக்கிறேன்.

எந்தக் கிழமையில் பிறந்தாலும் பிள்ளை நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மோகனா. திங்களில் பிறந்தால், அந்த நாளைப் பெரியம்மா எதற்காகக் கேட்டாள் என்று அதனிடம் ஒருநாளும் சொல்லிவிடாதே.

உன் அக்கா
தங்கமணி