கிருஷ்ணசாமி எப்படிச் செத்தான்

நவம்பர் 4, 2025
விடாத மழை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போகவில்லை, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மத்தியானம் அமிர்தவல்லி வந்தது, கையில் காகிதக் கட்டோடு. என்னோடு பட்டாளத்தில் இருந்த கிருஷ்ணசாமியின் பெண்சாதி. முப்பத்தெட்டு வருஷமாக என்னை அண்ணன் என்கிறது.

"மெட்ராசு கோர்ட்டுல கேச எடுத்துக்கிட்டாங்கண்ணே. அவரு தன் துப்பாக்கியால தானே சுட்டுக்கிட்டாருன்னு பட்டாளத்துல எழுதி வெச்சிருக்கான் பாரு, அது பொய்யின்னு சொல்ல கூட இருந்த ஆளு வேணுமாம். உசிரோட இருக்கறது நீ ஒருத்தன்தான்."

நம்ம ஆளே தவறிச் சுட்டிருந்தாலும் அது போர்க்களச் சாவுதானாம், வக்கீல் சொன்னாராம். தற்கொலைக்காரன் பெண்சாதி என்ற பேர் போகுமாம்.

சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டது.

நவம்பர் 5
சவரம் செய்ய நின்றேன். கண்ணாடியை முஷ்டியால் குத்தி உடைத்தேன். ரத்தம் நிற்க நேரமானது.

நவம்பர் 7
எழுதிவிடுகிறேன். நான் எழுத்துப் படித்ததே பட்டாளத்தை விட்டு வந்தபின், அறிவொளி வகுப்பில்.

1987 அக்டோபர், யாழ்ப்பாணம், அமைதிப்படை. நான் சமையல்காரன், கிருஷ்ணசாமி வாயில் 'சமையலு'. ஆள் குறைவென்று எனக்கும் துப்பாக்கி கொடுத்துக் கம்பிவேலி ஓரம் நிறுத்தியிருந்தார்கள். முந்தின நாள் கண்ணிவெடியில் நாலு பேர் போனார்கள். ஒருவன் காலைப் பூட்ஸோடு பனையடியில் பொறுக்கியது நான்தான்.

சாயங்காலம் நாலு மணி, கொட்டுகிற மழை. குழம்புக்குத் தேங்காய் கேட்டிருந்தேன். கிருஷ்ணசாமி நனைந்த உடுப்பைக் கழற்றிப்போட்டு லுங்கியோடு பறிக்கப் போயிருக்கிறான். எனக்குத் தெரியாது. பனையோலை வேலிக்குப் பின்னால் லுங்கி கட்டிய ஒருத்தன், இரண்டு கையிலும் உருண்டையாக ஏதோ. "தம்" என்று கத்தினேன் — நில் என்று அர்த்தம். நிற்கச் சொன்னால் பேரும் நம்பரும் இந்தியில் சொல்ல வேண்டும், எங்களுக்குக் கட்டளை. தமிழ் எதிராளியும் பேசுவானே. அவன் சிரித்துக்கொண்டு, "நான்தாண்டா, சமையலு" என்றான்.

தமிழ் காதில் விழுந்ததும் சுட்டேன்.

மூன்று குண்டு. ஒன்று தேங்காயைப் பிளந்தது. ஒன்று தோளில். ஒன்று தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஓடிப்போய்த் தூக்கினால் நாக்கு மட்டும் அசைகிறது. என் சட்டையைப் பிடித்தபடி இருபது நிமிஷம் இருந்தான். அப்புறம் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

சுபேதார் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். "உனக்கும் புள்ளகுட்டி இருக்குதில்ல? உருட்டுடா." உருட்டினேன் கட்டைவிரலை. படிக்கத் தெரியாதுதான். என்ன எழுதியிருந்தது என்று தெரியும்.

அன்றைக்கு அறுபது பேருக்குச் சமைத்தேன். தேங்காய் போடவில்லை.

நவம்பர் 12
ரெட்டியார்பாளையம், வக்கீல் கார்குழலியின் வீடு. எல்லாரும் இருக்கும்போதே நடந்ததைச் சொல்லி முடித்தேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அமிர்தவல்லியின் மகன் விஜயராகவன், அப்பன் செத்த மூன்றாம் மாதம் பிறந்த பிள்ளை, என்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், நாற்காலியைத் தூக்கி அடித்தான். விழுந்ததும் வாயில் மிதித்தான்.

"எங்கம்மா கையால எத்தினி நாளு சோறு தின்ன? எப்பிடிடா எறங்கிச்சி உனக்கு?"

இரண்டு பல் போயிற்று. நான் கையைத் தூக்கவில்லை. வக்கீல் பிடித்து இழுத்தும் விடவில்லை. அப்போதுதான் அமிர்தவல்லி வாயைத் திறந்தது.

"வுடுடா அவன. செத்துட்டான்னா யாரு சாட்சி சொல்றது?"

நவம்பர் 13
முகம் வீங்கிக் கஞ்சிதான் இறங்குகிறது. என்னையே கேட்டுக்கொள்கிறேன்: உதை வாங்குனதும் மனசு லேசா இருக்கே, ஏன்? இதோட சரியாப் போச்சின்னு நெனைக்கிறியா? ஒண்ணும் சரியாவல. ரெண்டு பல்லுக்கு ஒரு தாடையாடா?

டிசம்பர் 18
சென்னை. ராணுவத் தீர்ப்பாயத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அரசாங்க வக்கீல் கேட்டார். பயம் என்றேன்.

பிப்ரவரி 9, 2026
உத்தரவு வந்துவிட்டது. போர்க்களச் சாவு என்று திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். போன் செய்து சொன்னது வக்கீல்.

மார்ச் 6
அமிர்தவல்லி வந்தது. இது நாலாவது வெள்ளிக்கிழமை. படியில்தான் உட்கார்கிறது, தண்ணீர்கூட வாங்குவதில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். தூக்கிப் பிடித்த இடம் வந்ததும், கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது என்று சுருக்கினேன்.

"இருவது நிமிசம்," என்றது. "ஒவ்வொண்ணா சொல்லு."