அந்தப் பக்கத்து வழக்கு

திருத்தணி,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய பரந்தாமன் பாவா அவர்களுக்கு,

முரளிதரன் எழுதுகிறேன். உங்கள் தங்கை அம்சா நடமாடுகிறாள். சாப்பிடுகிறாள் என்று சொல்ல முடியாது. நான் டுடோரியலில் வரலாறு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியர் போராட்டத்தில் வேலை போய் நான் நின்றபோது உங்கள் வீட்டுப் பந்தியில் ஒன்று சொன்னீர்கள்: "ஊருக்கு உழைக்கிறவருக்கு ஊரே சோறு போடட்டும்." சிரித்தவர்களின் முகங்கள்கூட நினைவிருக்கின்றன. அதை மன்னித்துவிட்டு இதை எழுதவில்லை. என் மகள் உங்கள் ஊர்ச் சிறையில் இருக்கிறாள். நீங்கள் அங்கே வக்கீல். அவ்வளவுதான்.

யோகலட்சுமி பள்ளிப்பட்டுக்கு அப்பால் சில கிராமங்களில் இளைஞர் மன்றம் நடத்திவந்தாள். கல்குவாரி லாரிகள் பள்ளிக்கூடத் தெருவில் ஓடக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ப் பேசினாள், மனு கொடுத்தாள். ஒரு குழந்தை சக்கரத்தில் நசுங்கிய பிறகு, குவாரியில் கல் சுமக்கும் பெண்களையே கூட்டிக்கொண்டு சாலையில் உட்கார்ந்தாள். லாரிகள் பின்னோக்கி நகர்ந்தன; இவர்கள் விடாமல் துரத்திப் போய் மறித்தார்கள். அந்த இடத்தில் தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கிவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே தெரு, ஒரே பேச்சு. கோபத்தில் எல்லைக்கல்லை யார் பார்ப்பார்கள்? யாரோ எறிந்த கல்லில் லாரிக் கண்ணாடி உடைந்தது. வழக்கு இவள் மேல். இங்குள்ள காவல் நிலையத்தில் கேட்டால், "அது அந்தப் பக்கத்துக் கேஸு சார், நாங்க இன்னா பண்றது" என்கிறார்கள்.

இனி குவாரிப் பக்கம் வரமாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்தால் முதலாளி சமாதானமாகப் போவாராம். திங்களன்று சிறையில் பார்த்தபோது அதைச் சொன்னேன். மிகவும் இளைத்திருந்தாள்.

"எழுதிக் குடுத்துட்டு அந்தப் பொம்பளைங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது நைனா? எனுக்காக வேலைக்குப் போகாம உக்காந்துகினு இருப்பாங்க" என்றாள்.

பாவா, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மறுவாரமே எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பெண் கூப்பிட்டது, வந்தோம், வேறொன்றும் தெரியாது என்று போலீசிடம் சொல்லிவிட்டார்கள். மன்றத்துப் பையன்கள் என் போனை எடுப்பதில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவளும் அங்கேதான் கல் சுமக்கிறாள். அதே தெருவில் லாரி ஓடுகிறது. அவர்களைச் சபிக்க வாய் வருகிறது. உலை வைக்க வேண்டியவர்கள், சபித்து என்ன ஆகப் போகிறது?

இதை அவளிடம் சொல்லுங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போடுவாள் என்கிறார் நாங்கள் வைத்திருக்கும் இளம் வக்கீல். போடுவாள்தான். என்னோடு கொடி பிடித்தவர்கள் ஒவ்வொருவராக மன்னிப்பு எழுதிக் கொடுத்துப் பள்ளிக்குள் போனதை வாசலில் நின்று பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எப்படிப்பட்ட மனிதனாகிப்போனேன் என்பது உங்களுக்குத் தெரியும்; தினமும் என்னோடு இருக்கும் உங்கள் தங்கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எனக்கு அப்போது நாற்பது வயது. இவளுக்கு இருபத்துமூன்று.

ஆகவே இதை அவளிடம் சொல்லாமல் வேறு வழியில் ஜாமீன் எடுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில், அன்று சிரித்த அதே ஆட்களை வைத்துக்கொண்டு, நான் வந்து கேட்க வேண்டுமென்றால் வருகிறேன்.

அவளைப் பார்க்கப் போனீர்களானால், அந்தப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பாள். உன்னை விசாரித்தார்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
முரளிதரன்