பழையகரையில் உடைந்த பாதக்கல் குறித்து வெள்ளளநாட்டு அரசி விடுத்தது

மழை பிழையாது பெய்க. பெய்த மழை தேங்காது வடிக.

உப்பு விளையும் பாத்திகளுக்கும், அவற்றில் கால் வெடிக்க நின்று உழைக்கும் குடிகளுக்கும் உரியவளாய், ஊரவையோர் தம் கையாற் சூட்டிய முடியைத் தாங்கி வெள்ளளநாடு காக்கும் வெண்கோதை, கீழைக்கடலின் தலைத்துறையாகிய நீள்துறைக்கு அதிபரும், புகல் தேடி வந்த கலம் ஒன்றையும் திருப்பி அனுப்பாதவரும், எமக்கு நல்ல அண்டையாருமாகிய கடற்சேந்த வேந்தர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கொடியும் கோட்டையும் நிலைபெறுக. தேவியார் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய விழைகிறோம். பட்டத்து யானைக்குக் கால்புண் ஆறிவிட்டதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இங்கு நாம் நலம். இவ்வாண்டு மழை மிகுதி, ஆகையால் உப்புக் குறைவு. மற்றபடி குறையொன்றும் இல்லை.

தாங்கள் அனுப்பிய பல்லக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஆள் யாரோ இருக்கிறார் என்று எண்ணி வாயிற்காவலர் வணங்கி நின்றனர். திரையை விலக்கினால், பட்டில் பொதிந்த கல்துண்டுகள். எம்முடைய பாதம் பொறித்த கல்லாம். பழையகரையில் ஒரு கூலிப்பெண் கடப்பாரையால் உடைத்துவிட்டாளாம். அவளைச் சிறையில் வைத்திருக்கிறீர்களாம். நாம் குறிக்கும் நாளில், எம் தூதர் அழிசியின் கண்முன்னே அவளுடைய வலக்கையை வெட்டி வாங்கி எமக்கு நேர்ந்த இழிவைத் தீர்ப்பீர்களாம். எம் மதிப்பைத் தங்கள் மதிப்பாகக் கருதும் அந்த நெஞ்சுக்கு முதற்கண் நன்றி. அதைவிடப் பெரிய நன்றி, எம்மைக் கேளாமல் அந்தக் கையை வாங்காமல் பொறுத்ததற்கு. அந்தப் பொறுமை இருந்ததால்தான் இவ்வோலைக்கு இடம் கிடைத்தது.

தங்கள் எழுத்தர் வரைந்த ஓலையில் கல் உடைந்தது இருக்கிறது. ஏன் உடைந்தது என்பது இல்லை. அழிசி விடுத்த ஆள் இங்கு வந்து, ஒரு சொம்பு நீர் குடித்து, நடந்ததை முழுவதும் சொன்னார். தங்கள் ஊரில் நடந்ததைத் தங்களுக்கே நாம் சொல்வது முறையன்று எனினும், அரசர் காதுக்கு ஊர் நாற்றம் எட்டாதபடி இடையில் பலர் நிற்பது எல்லா நாட்டிலும் உள்ளதே. ஆகையால் சொல்கிறோம், பொறுத்தருள்க.

சென்ற பங்குனியில் நாம் தங்கள் விருந்தினராக வந்து இறங்கியது பழையகரைப் படித்துறையில். நட்பரசர் கால் முதலில் பட்ட இடத்தில் அவர் பாதத்தைக் கல்லிற் பொறித்துப் பதிப்பது தங்கள் நாட்டு வழக்கம். நல்ல வழக்கம். எம் காலை அளந்து சென்ற சிற்பி, குதிகாலில் உள்ள வெடிப்புகளை எல்லாம் விட்டுவிட்டுத் தாமரை ரேகை செதுக்கி வைத்தார். அதுவும் அன்பால் செய்தது, இருக்கட்டும். பாதத்துக்கு உரியவர் ஆணையின்றி இக்கல்லை உடைப்பவர் வலக்கை இழப்பர் என்ற சட்டத்தையும் அதன் ஓரத்திலே பொறித்தனர்.

கல் பதித்த இடத்தின் அடியில் இருப்பது பழையகரைச் சுருங்கையின் வாய். அந்த ஊர்ப் பழைய வீடுகளின் கழிவுநீர் அனைத்தும் தரைக்கடியில் ஓடிக் கடலில் விழும் அந்தக் கற்கால்வாய், தங்கள் பாட்டனார்க்கும் மூத்த காலத்தது. வாயிலே ஒரு மரக்கதவு தொங்குகிறது. கடல் ஏறினால் அலை தள்ளி அது மூடிக்கொள்ளும். கடல் இறங்கினால் உள்நீர் தள்ளி அது திறந்துகொள்ளும். கட்டியவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அந்தக் கதவு வெளியே ஆடுவதற்கு வேண்டிய வெளியைத்தான் எம் பாதக்கல்லும் அதன் கீழ் அடைத்த சுண்ணாம்பும் பிடித்துக்கொண்டன. கதவு ஆடாது என்று வேலையாட்கள் அன்றே முறையிட்டனராம். துறைநாயகம் கொற்றவேள், அரசர்க்கு அரசர் செய்யும் மரியாதைக்கு நடுவே சாக்கடையைக் கொண்டுவந்து வைக்காதீர்கள் என்று கடிந்து, ஒரு முழம்கூட நகர்த்த ஒப்பவில்லையாம். கோடையில் வடிந்தது கொஞ்சம்; இடுக்கு வழியே ஒழுகிப் போயிற்று. ஒருவருக்கும் உறுத்தவில்லை.

ஐப்பசியில் அடைமழையும் முழுநிலவின் ஏற்றக்கடலும் ஒன்றாக வந்தன. கடல் இறங்கியும் கதவு திறக்கவில்லை. போக வேண்டிய நீர் போக வழியின்றி, வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு வீட்டின் அங்கணத் துளையிலும் பொங்கியது. மழைநீர் என்றால் துடைத்துவிடலாம். இது எந்த நீர் என்று தாங்கள் அறிவீர்கள். அடுப்பு அணைந்தது, பானை மிதந்தது, பிள்ளைகளைப் பரணில் ஏற்றினர். எம் தூதர் அழிசியின் வீடு தெருப் பள்ளத்தில் இருக்கிறது. அவர் மாமியார் நெற்குதிர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தூதர் வீடு என்று நம்பிப் பெண் கொடுத்தோமே, மாப்பிள்ளையின் மாளிகையில் மலம் ஆளுயரம் வந்து நலம் கேட்கிறதே என்று மழை நிற்கும்வரை ஏசினாராம். அழிசி இதையும் மறைக்காமல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் நேர்மைக்கு வேறு சான்று வேண்டாம்.

ஏச்சு இருக்கட்டும். பழையகரையில் தோண்டிய கிணறெல்லாம் உப்பு. குடிக்க ஆகும் கிணறு ஒன்றே. அந்தக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் விளிம்புவரை கழிவுநீர் ஏறி நின்றது. ஊரார் உமிமூட்டையும் களிமண்ணும் கொண்டு சுற்றிலும் அணை கட்டினர். மூட்டை போதாத இடத்தில் ஆட்களே தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து அணையாயினர். செட்டி வீட்டுப் பிள்ளையும் வலைஞர் வீட்டுப் பெண்ணும் அந்த நீரில் கழுத்தளவு அமிழ்ந்து இருந்தனர் என்கிறார் வந்த ஆள். அவர்கள் ஒவ்வொருவர்க்கும் எம் வணக்கம். அந்தக் கிணறு கெட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை எமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் பிறந்த உப்பளத்துக் குடிசை வரிசையில் ஒருமுறை கிணறு கெட்டு வாந்திபேதி புகுந்தது. எம் தங்கையர் இருவர்க்கும் ஒரே குழி தோண்டினோம். தனித்தனியாகத் தோண்ட வீட்டில் தெம்புள்ள ஆள் இல்லை.

தடுப்பது எது என்பதை அறியாதவர் அன்று கரையில் ஒருவருமில்லை, கொற்றவேளும் அறிவார். கை வைக்கத்தான் ஆளில்லை. கொற்றவேள் கல்லை உடையாமல் பெயர்த்தெடுக்க எண்ணி, மழையில் குடை பிடித்து, எம் பாதத்துக்கு மாலை சாத்தி, சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, கயிறு கட்டி இழுக்கச் செய்தாராம். பிடித்த சுண்ணாம்பு விடுமா? கயிறுதான் அறுந்தது, இழுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர். எம் தூதரிடம் ஆணை தரச் சொல்லிக் கேட்டனர். பாதத்துக்கு உரியவர் ஆணை வேண்டும், என் ஆணை செல்லாது, ஓலை எழுதிப் படகு விடுகிறேன், காற்று ஒத்துழைத்தால் விரைவில் மறுமொழி வரும் என்றாராம் அழிசி. சட்டப்படி அவர் சொன்னது சரி.

அப்போதுதான் எயினி என்பவள் கடப்பாரையோடு படியில் இறங்கினாள். சுருங்கையில் இறங்கித் தூர்வாரும் கூலியாள் அவள். முன்பு முறையிட்டுக் கடியப்பட்டவர்களுள் ஒருத்தி. ஓலை போய் வரும்வரை கிணற்று ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்படி அந்த நீருக்கும் ஒரு தூது விடுங்கள் ஐயா என்று எம் தூதரிடம் சொன்னாளாம். கல்லில் பொறித்த சட்டத்தைக் கொற்றவேள் உரக்க வாசித்துக் காட்டினார். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சில்லுத் தெறிக்கும் என்றாள். இடக்குதிகாலின் குழிவில்தான் கல் மெலிந்திருக்கும் என்று அங்கேயே குத்தினாள். கல் விண்டது. உள்ளே முட்டி நின்ற நீர் கதவைத் தள்ளித் திறந்து அவளையும் வாரிக் கடலில் எறிந்தது.

இனி நாம் எழுதுவதைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவளைத் தேடி முதலில் குதித்தவர் கொற்றவேள்தான். மேலாடையும் காதிற் கடுக்கனும் அரைப்பட்டிகையுமாக அந்தக் கரிய நீரில் பாய்ந்து, முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். சேர்த்த கையாலேயே விலங்கும் பூட்டினார். பூட்டுமுன் கையைக் கழுவ விடுங்கள், என் கை நாறுகிறது என்றாளாம் எயினி. என் கையுந்தான் நாறுகிறது, நீட்டு என்றாராம் அவர். தம் கடமை இரண்டையும் ஒரு மூச்சில் செய்த அந்த மனிதருக்கும் எம் நன்றி உரியது. அவரைத் தண்டித்து இக்கணக்கை நேர் செய்ய வேண்டாம் என்று வேண்டுகிறோம். அரசரை மகிழ்விக்கவே பழகிய ஒருவர், அரசர் கால் பட்ட இடத்தை நகர்த்த அஞ்சினார், அவ்வளவே.

பொழுது சாயுமுன் தெரு வடிந்தது. கிணற்றில் ஒரு சொட்டும் கலக்கவில்லை. அழிசியின் மாமியார் குதிரிலிருந்து இறங்கினார். அன்று அந்தக் கிணற்றில் நீர் மொண்ட ஒவ்வொருவரும் எயினிக்குக் கடன்பட்டவர். எம் தூதரும் மொண்டார், ஆகையால் நாமும் கடன்பட்டோம்.

வேந்தே, தங்கள் இக்கட்டு எமக்குத் தெரியாமல் இல்லை. அதே கரையில் வேறு அரசர்களின் பாதக்கற்களும் உள்ளன. இவளைச் சும்மா விட்டால், எங்கள் பாதம் அவ்வளவு மலிவா என்று நாளை அவர்கள் தூதர்கள் வந்து நிற்பார்கள். கையை வாங்கினால், சுருங்கை மீண்டும் அடைபடும் நாளில் ஒரு கூலியாளும் தங்கள் படித்துறையில் கால் வைக்க மாட்டான். அவளுக்கோ இதில் இரண்டாவது வழி இல்லை. தூர்வாருகிறவளுக்கு நிலமில்லை, கடையில்லை. இருப்பது இரண்டு கை. கடப்பாரை பிடிக்க இரண்டும் வேண்டும். ஒன்றை வாங்கிவிட்டு உயிரோடு விட்டோம் என்று சொல்வது, முடி சூடுமுன் உப்புக் கூடை சுமந்த எமக்குக் கருணையாகத் தோன்றவில்லை.

ஆகவே தங்கள் சட்டத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் காக்கும் வழி ஒன்றை அனுப்புகிறோம். பாதத்துக்கு உரியவர் ஆணையின்றி உடைப்பவரே குற்றவாளி என்கிறது சட்டம். நல்லது. இவ்வோலையோடு இரண்டாம் ஏடு ஒன்று சேர்த்திருக்கிறோம். இந்த முதல் ஏடு தங்கள் கண்ணுக்கு மட்டும். வாசித்தபின் அடுப்பில் இடுக. இரண்டாம் ஏட்டைத் தங்கள் பேரவையில், பிற நாட்டுத் தூதர் அனைவரும் கேட்க, உரக்க வாசிக்கச் செய்க. அதில் நாள் குறிக்கப்பட்டிராது. எம் ஓலைநாயகம் எழுத மறந்துவிட்டார். மறக்கச் சொன்னது நாமே. ஏன் இவ்வளவு பிந்திச் சேர்ந்தது என்று எவரேனும் வினவினால், கடற்காற்று எதிர்த்தது என்க. ஐப்பசிக் காற்றை ஒருவரும் சாட்சிக்கு அழைக்க முடியாது.

புதிய பாதக்கல் வேண்டாம். அந்தக் கதவு தடையின்றி ஆடினால் அதுவே எமக்குச் செய்த சிறப்பு. கல் பொதிந்து வந்த பட்டை இருமுறை துவைத்து, வெயிலில் உலர்த்தி, திருப்பி அனுப்புகிறோம். நல்ல பட்டு, வீணாக்கக் கூடாது. அணையாய் உட்கார்ந்த பழையகரைக் குடிகளுக்கென ஒரு படகு உப்பு வருகிறது. குறைந்த விளைச்சலில் எடுத்தது. வீட்டுக்குக் கொஞ்சமாவது சேரும்படி கொற்றவேளே நின்று அளந்து கொடுக்கட்டும். தங்கள் நட்பு எம் குடிக்கு அரண். எம் உப்பு தங்கள் உலைக்கு உரியது. கடல் உள்ளளவும் இது நிற்க. உப்பு வாரும் பலகை பொறித்த எம் முத்திரையை இரண்டு ஏட்டிலும் இட்டோம்.

இரண்டாம் ஏடு.

வெள்ளளநாடு காக்கும் வெண்கோதையின் ஆணை. நீள்துறைப் பழையகரையில் சுருங்கைத் தூர்வாரும் எயினி காண்க. எம் பாதம் பொறித்த கல் சுருங்கையின் வாயை அடைத்து நிற்பதாக அறிந்தோம். கல்லில் உள்ள பாதம் எம்முடையது. அதன்மேல் உள்ள உரிமையும் எம்முடையது. இவ்வாணை கொண்டு நீ செய்வது யாம் செய்ததாகும். உன் கையைத் தீண்டுவோர் எம் கையைத் தீண்டியவர் ஆவர். வேறு எவரையும் கேட்டு நிற்க வேண்டாம். எயினி, அந்தக் கல்லை உடைத்துவிடு.