முதுகைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீயும் மாமாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஆள் முன்னால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியாதா? நான் ‘ம்’ சொல்லி முடிப்பதற்குள் நீயும் ‘சரி, வச்சிடறேன்’ என்கிறாய். லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் உன் ஊர் வழியாகத்தான் போகிறார். நாளைக்கே இதை உன் கையில் கொடுத்துவிடுவார்.

உன் மகளைப் பற்றித்தான். அவள் எழுத்து அட்டைகளைப் பார்த்து மளமளவென்று சொல்கிற வீடியோ பள்ளியிலிருந்து உனக்கு வந்ததே, அதை மாமா தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினாராம். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா, அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

அந்தப் பள்ளியில் எனக்கு ஆயா வேலைதானே. மூக்குத் துடைப்பேன், கழிவறைக்குக் கூட்டிப் போவேன், அட்டைகளை அடுக்குவேன். ஒரு நாள் அடுக்கும்போது கட்டு கைதவறிச் சிதறியது. பொறுக்கிய ஓர் அட்டையில் எழுத்து என் பக்கம் இருந்தது, வெறும் முதுகுதான் அவள் பக்கம். அதைப் பார்த்தே ‘இ’ என்றாள். சரியாகத்தான் சொன்னாள்! எப்படிடீ என்றேன். ‘கடிச்சது இ, சித்தி’ என்றாள். அதன் மூலையை எந்தப் பிள்ளையோ மென்று துப்பியிருக்கிறது. டீக்கறை பட்டது உ. பசை அப்பியது ஏ. ஈரத்தரையில் விரலால் பெரிய இ ஒன்று எழுதிக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, ‘பூனை தூங்குது’ என்றாள். சிரித்துவிட்டேன். மற்ற பிள்ளைகளும் அப்படியே முதுகைப் பார்த்துச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ‘அட்டைய மட்டும் மாத்திடாதம்மா. பெத்தவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் இதே கட்டுதான்’ என்றார். வாசலுக்கு வருகிற அம்மாக்களிடம் அதே வாயால், ‘உங்க புள்ள கற்பூரம், டப்புனு பத்திக்குது’ என்று குழைகிறார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உன் மகள் இடக்கைக்காரி. இடது கை சாக்பீஸ் பக்கம் போகக் கூடாது என்று அதில் ஒரு காலுறையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுகிறார்கள். யாரோ ஓர் ஆண்பிள்ளையின் பழைய சாம்பல் நிறக் காலுறை. வகுப்பிலுள்ள இடக்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். ஒருத்தன் அதில் மூக்கைத் துடைப்பான், இன்னொருத்தி அழுதுகொண்டே சப்புவாள், எல்லாம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருக்கும். துவைத்துத் தரட்டுமா என்று மிஸ்ஸைக் கேட்டதற்கு, ‘நாறட்டும், அப்பத்தான் அந்தக் கைய மறப்பாங்க’ என்றார். வலது கையை மிஸ் நகம் வெளுக்க அழுத்திப் பிடித்துப் பலகையில் இழுக்கிறார். எழுதுவது உன் மகள் இல்லை, அவள் கையை வைத்து அவர் எழுதுகிறார். பிறகு ‘வெரி குட்’ என்று அவரே கைதட்டிக்கொள்கிறார்.

இப்போது வீட்டில் சாக்பீஸைக் கண்டாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். தட்டுக்குக்கூடக் கை வருவதில்லை, ஊட்டித்தான் விடுகிறேன். படுக்கையை நனைக்கிறாள். அப்பாவிடம் சொன்னால், ‘நாங்கல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம். ஒன்பதாவதோட நின்னவ, மிஸ்ஸுக்கே பாடம் எடுக்கறியா?’ என்கிறார். நான் நின்றபோது இவளுக்குத் தவழக்கூட வரவில்லை. நீங்கள் இருவரும் இவளை என்னிடம் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை நான் அப்பாவுக்கு நினைவூட்டவில்லை.

நேற்று மிஸ் அந்தக் காலுறையை என்னிடம் நீட்டி, ‘உங்கிட்டன்னா முரண்டு பிடிக்க மாட்டா, நீயே மாட்டு’ என்றார். என் கையில் அதைப் பார்த்ததும் உன் மகள் தானாகவே இடது கையை நீட்டினாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைக் குப்பைக் கூடையில் போட்டேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலில் அந்த நாற்றம் இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு மிஸ் வேறொரு காலுறை கொண்டு வருவாராம். நான் மாட்டிவிட்டால் இருவரும் வரலாம், இல்லையென்றால் இருவருமே வர வேண்டாமாம். பெரிய பள்ளியில் இடம் வாங்கித் தருவதாக உனக்குச் சொன்னதையும் மறந்துவிட வேண்டியதுதானாம். அந்த இடத்துக்காக நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எழுத்தை எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்குத் தெரியாது. இப்படி இல்லை என்று மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவளை எழுப்ப மாட்டேன். தூங்கட்டும். அப்பா கேட்டால், அக்காதான் நிறுத்தச் சொன்னாள் என்று சொல்லப்போகிறேன். அவர் உடனே உன்னைக் கேட்பார். நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே, அக்கா.

நீயும் மாமாவும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் பதிலையே பார்த்திருக்கும்,
தங்கை