நான் திருகிவிட்ட சூடு

இன்று காலை என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட அம்மா மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சினாள். கிண்டாமல் விட்டதில் அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கருகல் வாசனைக்கு உன் ஞாபகம்தான் வரும் எனக்கு. இறந்துபோன சிநேகிதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும். எனக்கு முதலில் வருவது பொறாமைதான்.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு நான் தெர்மாகோலில் பாபநாசம் அணை கட்டினேன். என்னையும் சேர்த்து ஏழு பேர் அதே அணை. நீயோ மரச்சீனி மாவில் கிளிசரினும் தண்ணீரும் பிசைந்து, பேட்டையில் உன் சித்தப்பா பட்டறையில் பாட்டில் மூடி வார்க்கிற கைமிஷினில் உருக்கி மூடிகளாக வார்த்தாய். மண்ணில் புதைத்தால் மக்கிப்போகும் பிளாஸ்டிக்.

"மக்குப்பய செஞ்சா மக்காம என்ன செய்யும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதுதான் பொறுக்கவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் பட்டறைக்கு வந்தேன். "பைய உருகணும்லே. சாதா பிளாஸ்டிக் தாங்குத சூட்டை இது தாங்காது" என்று சொல்லிவிட்டு நீ தண்ணீர் குடிக்கப் போனாய். நான் மிஷின் குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டிவிட்டேன். நீ திரும்பி வந்து அழுத்திய முதல் மூடி மஞ்சளாக விழுந்தது. குமிழைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். சூட்டைக் குறைக்காமல், அது ஏற ஏற அழுத்திக்கொண்டே இருந்தாய். அடுத்தது கருப்பட்டி நிறம். கடைசி மூடி கருத்துப்போய், தொட்டதும் நொறுங்கியது.

மறுநாள் உன் மேஜையில், முன்னமே வார்த்த வெள்ளையிலிருந்து கருப்புவரை மூடிகள் வரிசையாக இருந்தன. எவ்வளவு சூட்டில் எப்படிக் கெடுகிறது என்று எழுதியும் வைத்திருந்தாய். பரிசு உனக்கு. "ஏலே, உன் அணை ஒழுகுது" என்றாய் என்னிடம்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபின், போன வாரம் வள்ளியூரில் நடந்த மாவட்டக் கண்காட்சிக்கு உன் மூடிகளோடு என்னை அனுப்பினார்கள். உன் அப்பாவும் வந்திருந்தார். நடுவராக வந்த டீச்சர், "சூட்டைக் கூட்டிப் பாக்கணும்னு யாருக்குப்பா தோணுச்சு?" என்றார். எனக்கு என்று சொன்னால் பொய்கூட இல்லை.

"சூட்டைக் கூட்டுனது நான்தான், டீச்சர். கெடுக்கணும்னு கூட்டுனேன். அதைப் பரிசோதனையா ஆக்குனது அவன்."

டீச்சர் நகர்ந்ததும் உன் அப்பா என் தோளைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "ஆஸ்பத்திரில வச்சே எங்கிட்ட சொல்லிட்டான்லே. என்னைக்காவது நீயே சொல்லுவேன்னும் சொன்னான்" என்றார்.

பார்த்தாயா? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யோக்கியனாக நடந்தேன். அங்கேயும் எனக்கு முன்னால் நீ போய் நிற்கிறாய். எரிச்சலாகத்தான் இருக்கிறது. இந்த எரிச்சலையாவது நான் யாருக்கும் விட்டுத் தரப்போவதில்லை.